முறைப்படி படித்தவர்

“தலையை அசைக்காதீங்க மேடம். தண்ணி எடுக்க முழுத் தலையும் எதுக்கு? கண்ணைத் திருப்பினாப் போதுமே.” ஓவியர் தூரிகையை நிறுத்திச் சலித்துக்கொண்டார்.

இடது பக்க முக்காலியிலிருந்த டம்ளரை எடுத்த அம்மாள், “மன்னிச்சுக்கோங்க சார்” என்றார். ஊரின் பெரிய ஓவியக்கூடம் அவருடையது. அங்கே ஒரு தனிக் கண்காட்சிக்காக ஆறு வருடம் நாயாய் அலைந்த ஓவியர், இப்போது பத்து நாளாக அந்த அம்மாள் முகத்தை ஓசியில் வரைந்து, கூடவே ஐஸும் வைத்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டு அறையிலிருந்து எதையோ தேய்க்கும் சத்தம் கேட்டது.

“உங்க தங்கச்சி வேலையில இருக்காங்களா?”

“வேலையா?” ஓவியர் மூக்கைச் சுளித்தார். “ஆறு வயசுல முட்டை ஓட்டுல மூஞ்சி வரைஞ்சா. அப்புறம் பட்டனைப் பிச்சு பொம்மைக்குக் கண்ணு வச்சா. எங்கப்பா சட்டை ஒண்ணுலயும் பட்டன் இருக்காது. பெருசானதும் உடைஞ்ச பொம்மைய ஒட்டற கடை. இப்போ கதவுல ‘ஸ்டுடியோ’ன்னு பலகை மாட்டியிருக்கா. ஒரு நாள் யார்கிட்டயாவது போய்க் கத்துக்கிட்டாளா? எல்லாம் தானா வந்துச்சாம்.”

அந்தப் பலகைக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று எட்டு வருடமாக அவர் எட்டிப் பார்த்ததில்லை. பொம்மைதான், வேறென்ன? நன்றாக உடுத்தியவர்கள்கூட அந்தக் கதவைத் தட்டுவது அவருக்கு எரிச்சலாக இருந்தது. இந்த அம்மாளே முதல் நாள் கதவு மாறி அங்கே போய்விட, ஓவியர்தான் ஓடிப்போய் மீட்டு வந்தார்.

“கண்காட்சிக்கு அவங்களையும் யோசிக்கிறேன் சார். ஒரு இடம்தான் இருக்கு. இன்னிக்கு முடிவு பண்ணணும்.”

ஓவியருக்குச் சுருக்கென்றது. ஐந்து வருடக் கல்லூரி, முதல் வகுப்பு, இரண்டு பதக்கம். பதக்கக் கதை அவர் வாயால் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். தனக்குப் போட்டி அந்தக் கைநாட்டா? முடிந்தும் முடியாத படத்தை அப்படியே அம்மாள் பக்கம் திருப்பினார்.

“இதைப் பாருங்க. வலது கண்ணுல கொஞ்சம் சோர்வு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இடது கண்ணு? என்ன உயிர் பாருங்க. பத்து நாள் உத்துப் பார்த்தேன் மேடம், அதுல ஓடற ஒவ்வொரு நரம்பும் எனக்கு மனப்பாடம். முறைப்படி படிச்சவனுக்குத்தான் அதெல்லாம் பிடிபடும். இதே மாதிரி ஒரே ஒரு கண்ணு, அவளைப் பண்ணச் சொல்லுங்க. அந்த இடத்தை நானே அவளுக்கு விட்டுக் குடுத்துடறேன்.”

அம்மாள் எழுந்தார். படத்தின் பக்கம் போகாமல், தன் இடது கண்ணுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

“என்னோட கண்ணு விபத்துல போயிடுச்சு சார். இது உங்க தங்கச்சி செஞ்சது.”