பழத்தட்டோடு வந்தவர்கள்

"ஏட்டி நித்யா, சேலையைக் கெட்டிட்டு வா! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்லாம கொள்ளாம வந்துட்டாவ!"

பத்தமடையிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் வந்திருந்தார்கள். கையில் வெற்றிலை, பழம், பூ வைத்த தட்டு. போன வாரம்தான் தரகரிடம் மகள் ஜாதகத்தைக் கொடுத்திருந்த ஆறுமுகத்தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டியூஷன் பிள்ளைகளுக்கு லீவு விட்டிருந்த நித்யா காப்பியோடு வந்தாள். உடனே பையன் கேட்டான்: "பைனைட் வெர்ப், நான்-பைனைட் வெர்ப், என்ன வித்தியாசம்?"

'பொண்ணு பாக்க வந்த இடத்துல பரீட்சையா?' ஆறுமுகத்தாய்க்குப் பகீரென்றது. நித்யாவோ உற்சாகமாகிவிட்டாள்.

"'ஷி வான்ட்ஸ் டு ரைட்'னு வச்சுக்கோங்க. நேத்து நடந்ததுன்னா 'வான்ட்ஸ்', 'வான்ட்டட்' ஆயிரும். அது பைனைட். 'டு ரைட்' எந்தக் காலத்துக்கும் மாறாது. அது நான்-பைனைட்."

அந்த அம்மா துள்ளி எழுந்தாள். "எனக்கே வெளங்கிட்டு! எலே, இவியளே போதும்!"

ஆறுமுகத்தாய் பூரித்துப் போனாள். "அப்ப நாள் குறிச்சிரலாமா மதினி?"

"தனியா நாள் எதுக்கு? இன்னைக்கு விஜயதசமிதானே!" அந்த அம்மா தட்டை நித்யாவிடம் நீட்டினாள். "டீச்சர், பத்தாப்பு இங்கிலீஷ்ல ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டேன். இந்தத் தடவை என்னைப் பாஸாக்கி விட்டுருங்க!"