கொட்டாவி வராத சரித்திரம்

“இந்த எடத்துல எல்லாரும் ஒறங்கிருவாங்க,” என்றாள் ராஜபாய், முருங்கைக்கீரையை உருவியபடி.

ஜெபதாஸ் சாருக்குச் சுருக்கென்றது. ராப்பகலாக உட்கார்ந்து எழுதிய தன் சொந்த வாழ்க்கைச் சரித்திரம் அது. ‘அன்னார் அதிகாலையில் எழுவார், அனைவரிடமும் அன்பாய்ப் பழகுவார்’ என்ற பக்கத்தைத்தான் மனைவிக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் இதை வாசிக்கப் போகிறவர் சபைச் செயலாளர் என்பதால் ‘நான்’ எல்லாம் ‘அன்னார்’ ஆகியிருந்தது.

“போன மாசம் யேசுரத்தினத்துக்க சரித்திரமும் இப்பிடித்தானே இருந்துது?”

உண்மைதான். புதுக்கடைச் சபையில் அதை வாசித்தபோது பெஞ்சு பெஞ்சாகக் கொட்டாவி. வாசித்த செயலாளருக்கே கண் சொருகிற்று. முதல் குறட்டை யாருடையது என்று கேட்டால் ஜெபதாஸ் சார் பேச்சை மாற்றிவிடுவார். கொட்டாவி விடாதவர் யேசுரத்தினம் ஒருவர்தான்.

அன்றைக்கே சார் முடிவு செய்துவிட்டார், தன் சரித்திரத்தைத் தானே எழுதுவதென்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் பூகோளம் நடத்தியபோதெல்லாம் பிள்ளைகள் தூங்கியது போதும். தன் கதையை வாசிக்கிற அந்த ஒரு தடவையாவது ஊர் முழித்திருந்து கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்கும் வக்கில்லை போலிருந்தது.

“சரி, இதைக் கேளு. ‘நம் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கும் போராட்டத்தில் அன்னார் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.’”

“யாரு, நீங்களா? போலீஸ் வண்டி சத்தம் கேட்டதும் சந்தையில வாழைக்குலைக்கு அடியில படுத்துல்லா கெடந்தீங்க! வேட்டியில பிடிச்ச கறை இன்னும் போவல்ல.”

“ஏட்டி, அதையா எழுத முடியும்?”

“எழுதுங்க. இப்பம்தான் தமிழ்நாட்டோட சேந்தாச்சே, இனி எந்தப் போலீசு வரப்போவுது?”

மனமில்லாமல்தான் எழுதினார். எழுதியதை வாசித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“பெண்ணு பாக்க வந்ததை எப்பிடி எழுதியிருக்கு?”

“‘அன்னார் கம்பீரமாய்ப் பெண் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.’”

“வாசல்லயா எறங்கினீங்க? கயிறு திரிக்கத் தேங்காய்க் கதம்பை ஊறப்போட்ட குளத்துக்குள்ள, இரவல் சைக்கிளோட எறங்கினீங்க! அந்த நாத்தத்தோட எங்க வீட்டு நாற்காலியில இருந்தீங்க. ஆளைச் சீக்கிரம் அனுப்பினாப் போதும்னுதான் எங்கப்பா ஒடனே சம்மதிச்சாரு.”

இதுவரை அவருக்குத் தெரியாத சங்கதி இது. தன் அழகைப் பார்த்துத்தான் மாமனார் மயங்கினார் என்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்று அதையும் எழுதினார். எழுதி, செயலாளரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்க வாசித்தார்.

ராஜபாய் கீரையைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். சாருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

“இப்பம் சொல்லு, சபையில ஒருத்தனாவது ஒறங்குவானா?”

“ஒருத்தனும் ஒறங்க மாட்டான். விழுந்து விழுந்து சிரிப்பானுவ.”

“நீயும் இதே மாதிரி சிரிக்கணும், கேட்டியா? முன்னால இருந்து நீ சிரிச்சாத்தான் மத்தவங்களுக்கும் தைரியம் வரும்.”

ராஜபாயின் சிரிப்பு சட்டென்று நின்றது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உங்களைச் சவப்பெட்டியில கெடத்தி வச்சிட்டு, பக்கத்துல இருந்து நான் எப்பிடிச் சிரிப்பேன்?”