பதினான்காம் வீடு

"இதை மலையில இருந்து எழுதினீங்களா, ஏசி ரூம்ல உட்கார்ந்து எழுதினீங்களா?"

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர், ஆய்வேட்டை மேசைமேல் தொப்பென்று போட்டார். பருவநிலை மாற்றம் மலைக்கிராமங்களை எப்படிக் காலி செய்கிறது என்று எதிரே உட்கார்ந்திருந்த மாணவி ஐந்து வருடம் அலைந்து எழுதிய மானிடவியல் ஆய்வு. பக்கத்தில் அவளுடைய நெறியாளர் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பனி குறைந்ததற்கு என்ன கணக்கு என்று பேராசிரியர் கேட்டார். ஊர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னாள். புலம்பலெல்லாம் ஆராய்ச்சியா என்று வெட்டினார்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஊற்று வற்றியதிலிருந்துதான் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன என்றாள். அவர் வரைபடத்தைத் திருப்பி, ஊற்று பள்ளிக்கூடத்துக்குக் கீழே இல்லை, மேலே என்று பேனாவால் அடித்தார். தவறுதான். எங்கே தேடிப் பிடித்தாரோ என்று உள்ளுக்குள் கறுவினாள்.

அவர் விடுவதாக இல்லை. பதினான்காம் வீட்டு அட்டவணைக்கு வந்தார். தனியாக வசிக்கும் பெண். ஒரே மகன், இறந்துவிட்டார் என்று இருந்தது. அந்தக் கடைசிச் சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். அழுத்தியதில் தாளே கிழிந்திருந்தது.

"இதுக்கு என்ன ஆதாரம்?"

"அந்தம்மாவே சொன்னாங்க சார்."

"பொய்த் தகவல். இந்த ஒரு வரிக்கே உங்க பட்டத்தை நிறுத்தலாம்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனது ஆகட்டும் என்று மடிக்கணினியைத் திறந்து, அந்தப் பேட்டியை ஓடவிட்டாள். காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது: "ஒரே பையன். ஊத்து வத்தின வருஷமே அவனும் போயிட்டான்."

"இப்ப என்ன சார் சொல்றீங்க?"

அவர் இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டாள். மூன்றாவது தரமும் கேட்டார். நெறியாளரின் கை மூடியிலேயே நின்றுவிட்டது.

"போயிட்டான்னுதான் சொல்றாங்க. செத்துட்டான்னு சொல்லல." பேராசிரியர் கிழிந்த தாளை விரலால் நீவிவிட்டார்.

"நான் கீழே இறங்கி வந்துட்டேன், அவ்வளவுதாம்மா."