பால் கட்டிய பசு

நேபாளத்துப் பாக்மதி ஆற்றங்கரை நாணல்மேல் காலை வெயில் மஞ்சளாக விழுகிறது. நேற்றைய போரில் தோற்ற பசுமேய்ப்பர் ராஜா மணிகுப்தர் கைகள் கட்டப்பட்டு நிற்கிறார். அவருடைய பசு தௌலி மடி வீங்கி அலறுகிறது. அந்த அலறலில் எதிர்மலைப் பனி இரண்டு முறை சரிந்துவிட்டது, காவலுக்கு நிற்கும் நான் எண்ணினேன். கறக்கப் போன எருமைமேய்ப்பர்கள் நால்வரும் உதை வாங்கிச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். "பால் கட்டிக்கும்யா. அவுத்து விடு, கறந்துட்டு வந்து மறுபடி கையை நீட்டறேன்" என்கிறார் மணிகுப்தர். "நீ ஓடிட்டீன்னா?" என்கிறான் ஜெயித்த எருமைமேய்ப்பர் ராஜா துங்கசிம்மன். "மடி வலிக்கிற மாட்டை விட்டுட்டு எந்த மாட்டுக்காரன்யா ஓடுவான்? நீ ஓடுவியா?" துங்கசிம்மன் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறான். மணிகுப்தர் குந்தி மடியைத் தடவ, தௌலி பெருமூச்சு விடுகிறது. பால் சர்ரென்று இறங்குகிறது. ஜெயித்தவன் மண்டியிட்டுப் பானையைப் பிடித்துக்கொள்கிறான். அது நிறையும்வரை இந்தப் பள்ளத்தாக்குக்கு ராஜா யாரென்று எனக்கே தெரியவில்லை.