பன்னிரண்டடி அலை

“ஆறடி” என்றார் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அடைக்கலநாதன்.

“ஓம், ஆறடிதான்” என்றது கூட்டம். ஒருவர் மட்டும் ஐந்தரை என்றார். பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்ததும் அவருடைய அலை அரையடி வளர்ந்தது.

பொறியியலாளர் சண்முகநாதன் பேனையை மூடினார். முப்பது வருடமாகக் கடற்கரைகளில் வேலை செய்கிறவர். பிடித்த மீனைப் பற்றிச் சொல்லும்போது ஒரு முழத்தை இரண்டு முழமாக்கும் மனிதர்கள், ஆயுளில் கண்ட மிகப் பெரிய அலையைப் பற்றி இவ்வளவு அடக்கமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

பிழை அவருடையதுதான். வடமராட்சிக் கரையில் இருந்த அந்தச் சிறிய இறங்குதுறைக்கு அலையைத் தடுக்க ஒரு கல் அணை கட்ட வேண்டும். அலை எவ்வளவு உயரம் வரும் என்று கேட்க வந்தவர், கேட்பதற்கு முன்பே கணக்கை விளக்கிவிட்டார். எதையும் விளக்காமல் விடுவது அவருக்கு வராது.

“ஆறடி அலைக்கு ஒரு தொன் கல் காணும். அலை இரண்டு மடங்கானால் கல்லும் இரண்டு மடங்கு எண்டு நினைக்கக் கூடாது. எட்டு மடங்கு! பன்னிரண்டடி அலைக்கு எட்டுத் தொன் கல்லு, வவுனியாவிலையிருந்து வரோணும். ஒதுக்கின காசு கூடப் போறதில்லை. அப்ப அணைதான் கட்டையாகும். முந்நூறு மீற்றர் இருநூறாகும்.”

அணை எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரத்துக்குத்தான் கரையிலுள்ள வாடிகளுக்கு மாரிக் கடலிலிருந்து பாதுகாப்பு. வாடி என்றால் பார்வைக்கு ஒரு கொட்டில். வள்ளம், வலை, எஞ்சின் என்று ஒரு குடும்பத்தின் சோறு முழுவதும் அங்கேதான் கிடக்கும்.

இந்த விளக்கத்துக்குப் பிறகுதான் அலை ஆறடியானது.

“பொய்” என்றது ஒரு குரல்.

எழுந்து நின்றவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் கனிசியஸ்.

“பன்னிரண்டடி, சேர். பெரும்புயலுக்கு முதல்நாள் பாரடியிலை வலை எடுக்கப் போனனான். வள்ளத்திலை எழும்பி நிண்டு பாத்தன். அலைக்கு அங்காலை மாதா கோயில் கோபுரம் தெரியேல்லை. உச்சியிலை இருக்கிற சிலுவைகூடத் தெரியேல்லை.”

பார் என்பது கரைக்கு வெளியே தண்ணீருக்கடியில் கிடக்கும் முருகைக்கல் என்கிற பவளப்பாறைத் திட்டு. அலை அங்கேதான் முதலில் தலை தூக்கும்.

கூட்டம் கொதித்தது.

“டேய் கனிசியஸ், இரு! உனக்கென்ன விசரே?”

“கண்ணுக்கை உப்புத்தண்ணி போயிருக்கும். விடுங்கோ சேர்.”

“அண்டைக்கு உவன் எங்கை கடலுக்குப் போனவன்? இழுத்துப் போத்துக்கொண்டு படுத்துக் கிடந்தவன்!”

பின்வரிசையிலிருந்து கனிசியஸின் மனைவி பெர்னடெட் கெஞ்சினாள்: “இஞ்சாருங்கோ, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோவன்!”

அவன் இருக்கவில்லை.

“சின்னக் கல்லைப் போட்டா ஒரே மாரியிலை கடல் பிரட்டிப் போடும். பிரண்ட கல்லு எங்கை போய் விழும்? உள்ளுக்கை நிக்கிற வள்ளங்களுக்கு மேலைதான். அதையும் சேருக்குச் சொல்லுங்கோவன், அடைக்கலண்ணை.”

அடைக்கலநாதன் அவனுடைய தோளை அழுத்தி இருத்தப் பார்த்தார்.

சண்முகநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைப்பது அவருடைய இன்னொரு பழக்கம். அணை தொடங்கும் மேற்கு மூலையில் இவனுக்கு ஒரு வாடி இருக்கும். கிழக்குக் கோடியில் நூறு மீற்றர் குறைந்தால் இவனுக்கென்ன? தன் வள்ளத்துக்கு முன்னால் எட்டுத் தொன் கல் கிடந்தால் சரி. மற்றவன் கெட்டால் கெடட்டும். ஊர் முழுவதும் பொய் சொல்கிறது, ஒருவன் சுயநலத்துக்காக உண்மை சொல்கிறான். இரண்டில் எது மோசம் என்று தீர்மானிக்க அவரிடம் சூத்திரம் இல்லை.

ஆனாலும் எண் எண்தான். அடுத்த மூன்று நாளும் அளந்தார். கோபுரத்தின் உயரம், கோபுரத்திலிருந்து பார் வரைக்கும் தூரம், கடைசியில் கனிசியஸை வள்ளத்தில் நிற்கவைத்து அவன் கண் தண்ணீருக்கு மேல் எத்தனை அடி என்பதையும். விடை, பதினொன்றே முக்கால் அடி. கால் அடி கூட்டிச் சொல்லியிருக்கிறான். மீன் பிடிக்கிறவனுக்கு அது மன்னிக்கத்தக்கது.

“உம்மடை அலை சரி” என்றார் அவனிடம். கொஞ்சம் குத்தலையும் சேர்த்துக்கொண்டார். “இப்ப உமக்குச் சந்தோஷம்தானே?”

“சந்தோஷம் என்ன சேர்? நல்ல பாரமான கல்லாப் பாத்துப் போடுங்கோ” என்றுவிட்டு அவன் வலை பிரிக்கப் போனான்.

நாலாம் நாள் காலை, அணை எதுவரை வரும் என்று கரையில் குறி போடும் வேலை. அடைக்கலநாதன் அளவு நாடாவின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். இருநூறாவது மீற்றரில் சண்முகநாதன் ஒரு கட்டையை அடித்து இறக்கினார்.

“தலைவர், இப்பவாவது உண்மையைச் சொல்லும். பொய் சொன்ன ஆக்களின்ரை வாடி எல்லாம் இந்தக் கட்டைக்கு அங்காலைதானே?”

“இல்லை சேர். எங்கடை எல்லாம் உள்ளுக்கைதான்.”

சண்முகநாதன் நிமிர்ந்தார்.

“பிறகு என்னத்துக்கு ஆறடி எண்டு சொன்னனியள்?”

கட்டைக்கு அப்பால், கிழக்கே தனியாக ஒரேயொரு வாடி நின்றது. அடைக்கலநாதன் கையை நீட்டிக் காட்டினார்.

“அது கனிசியஸின்ரை, சேர். கடைசியா மீள்குடியேறி வந்தவனுக்கு அந்த மூலைதான் மிஞ்சினது. அவன் ஒருத்தனை வெளியிலை விட மனமில்லாமல் நாங்கள் இத்தினை பேரும் பொய் சொன்னம். அவன்தான் எங்கடை வள்ளங்களை நினைச்சு எல்லாத்தையும் குழப்பிப்போட்டான்.”