குழலுக்குள் குடித்தனம்

தேர்தல் அறிவித்துவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். காப்பித் தோட்ட முதலாளி சடையப்பன் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்தார். அதன் வலது குழலுக்குள் ஒரு குளவி மண்கூடு கட்டிப் பிள்ளைகளோடு குடியிருந்தது.

"போன வாரம்கூட ஒரு காட்டுப்பன்றி. ஒரே வெடி," என்றார் சடையப்பன், கடை ஊழியர் இஸ்மாயிலிடம்.

"போன வாரமா? எனக்குச் சத்தமே கேட்கலையே," என்றது குளவி.

"எனக்கும்தான் கேட்கலை. பேசாம இரு," என்றது துப்பாக்கி.

இஸ்மாயில் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இடது குழல் வழியாகத் தெரு தெரிந்தது. வலது குழலில் மண்ணும் குளவியும் தெரிந்தன. இருபது வருஷமாக இப்படிப்பட்ட முதலாளிகளைப் பார்த்தவர் அவர்.

"புகை கொஞ்சம் படிஞ்சிருக்கு சார். சுத்தம் பண்ணிடட்டுமா?"

குளவி பிள்ளைகளை அணைத்துக்கொண்டது.

சடையப்பன் மீசையைத் தடவினார். "வேண்டாம். பன்றி சுட்ட புகை. நாலு பேருக்குக் காட்டணும், அப்படியே இருக்கட்டும்."

"சரிங்க சார்," என்று இஸ்மாயில் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினார்.

குளவிக்கு மூச்சு வந்தது. "தங்கமான மனுஷன். இன்னொரு பன்றியையும் சுடச் சொல்லு. இடது குழல்ல என் தங்கச்சியைக் குடிவைக்கலாம்."