பிறையும் நட்சத்திரமும்

“பிறை கொஞ்சம் கோணலா இருக்கே,” என்றான் அம்போன்சா.

“உங்க கழுத்துதான் கோணல். நேரா உட்கார்ந்து பாருங்க,” என்றாள் செர்வா, கத்தியை நிறுத்தாமலே.

சுரைக்குடுக்கைத் துண்டில் துணிக்கான அச்சு செதுக்கிக்கொண்டிருந்தாள்: அன்புக்கும் விசுவாசத்துக்கும் அடையாளமான பிறையும் நட்சத்திரமும். அச்சுத் துணிக்குப் பேர்போன ன்டோன்சோ ஊரில் எந்த முற்றத்தில் நுழைந்தாலும் அடுப்பில் மரப்பட்டைச் சாயம் கொதிக்கும். இருந்தும் குமாசித் தச்சன் அம்போன்சா, ஒரே ஒரு துணிக்காக மறுபடி மறுபடி இவள் வீட்டுக்குத்தான் வருகிறான். இன்று பக்கத்தில் காகிதம் சுற்றிய ஒரு மதுப்புட்டி வேறு. பெண் கேட்டு வருகிறவர்கள்தான் அதைக் கொண்டுவருவார்கள். செர்வா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

“துணி யாருக்குன்னு சொல்லவே இல்லையே?”

“ஒரு கல்யாணப் பொண்ணுக்கு.”

“அவளுக்கு இந்தப் பிறையும் நட்சத்திரமும் பிடிக்குமா?”

“உங்களுக்குப் பிடிச்சா அவங்களுக்கும் பிடிக்கும்.”

“இப்பவே ‘அவங்க’ளா? கல்யாணத்துக்கு அப்புறம் வாயே திறக்க மாட்டீங்கபோல.”

அவன் சிரித்தான். சமையல்கட்டில் அம்மா ஃபூஃபூவுக்குக் கிழங்கு இடிக்கும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

“உங்கம்மாவுக்குக் காரம் ஒத்துக்குமா?” என்று கேட்டான்.

மாமியாருக்கு இப்போதே ஐஸ் வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். “உங்க அக்கறை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?”

அச்சைச் சாயத்தில் ஒற்றி வெள்ளைத் துணியில் அழுத்தினாள். இனியும் விளையாடக்கூடாது.

“அந்தப் புட்டியைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க. அப்பா போனதுக்கப்புறம் அம்மாவுக்கு நான் மட்டும்தான். அவங்களைத் தனியா விட்டுட்டு நான் எங்கேயும் வாழப்போக முடியாது. வந்த வரனையெல்லாம் அதனாலதான் அனுப்பிட்டேன்.” குரலைத் தாழ்த்தினாள். “உங்களைப் பிடிக்கலைன்னு இல்ல.”

அம்போன்சாவின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. உலக்கைச் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. அவன் சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். பிறகு எழுந்து, காகிதத்தைப் பிரித்து, புட்டியை இரண்டு கைகளாலும் அவளிடம் நீட்டினான்.

“முதல் நாளே சொல்லியிருக்கணும். எனக்குத் தைரியம் வரலை. தனியா இருக்கிற எங்கப்பா சார்பா வந்திருக்கேன். ‘என் பொண்ணு சம்மதிச்சா எனக்கும் சம்மதம்’னு உங்கம்மா அவர்கிட்ட சொல்லிட்டாங்களாம்.”

செர்வாவுக்குக் காது வரை சூடேறியது. முகத்தை மறைக்க எங்கும் இடமில்லை. குனிந்து, காலியாக இருந்த துணியில் இன்னொரு பிறையை அழுத்திப் பதித்தாள். அதைப் பார்த்தபடி நின்றவளுக்கு மெல்லச் சிரிப்பு வந்தது. புட்டியை வாங்கிக்கொண்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, முகத்தைக் கழுவிட்டு வெளியே வா. உன்னைத்தான் பொண்ணு கேட்டு வந்திருக்காங்க.”